மலையில்லா ஊரின் கோட்டைகள்: மூன்ஸ்டர்லாந்தை எப்படிப் பார்ப்பது?

வடமேற்கு ஜெர்மனியில், நெதர்லாந்து எல்லையை ஒட்டி, மூன்ஸ்டர் நகரைச் சுற்றிப் பரந்து கிடக்கிறது மூன்ஸ்டர்லாந்து. முழுக்க வேளாண் பூமி. கோதுமை, மக்காச்சோளம், பன்றிப் பண்ணைகள், வயலுக்கும் வயலுக்கும் நடுவே வேலிபோல மர வரிசைகள். அதன் நடுப்பகுதியில் இருப்பதிலேயே உயரமான இடம் பவும்பெர்கெ என்ற மேடு. அதுவும் கடல் மட்டத்திலிருந்து 190 மீட்டரைத் தொடுவதில்லை. அதற்கே பெயரில் 'மலை'யைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

இந்தச் சமவெளியில்தான் கோட்டை, அரண்மனை, பிரபு வீடு என்று நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றை இணைத்து ஓடும் சைக்கிள் தடத்துக்கே 'நூறு அரண்மனைத் தடம்' என்றுதான் பெயர். மொத்த நீளம் சுமார் 960 கிலோமீட்டர். முதல்முறை போகிறவருக்கு இந்த எண்ணிக்கையே மலைப்பைத் தரும். எதைப் பார்ப்பது, எதை விடுவது? ஒரு கிராமத்துப் பகுதியில் இத்தனை கோட்டைகள் எதற்கு? ஏன் எல்லாமே தண்ணீருக்கு நடுவில் நிற்கின்றன? கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால் மற்ற இரண்டும் தாமே தெளியும். அதனால் தண்ணீரிலிருந்து தொடங்கலாம்.

மலைக்குப் பதில் தண்ணீர்

நிலம், நீர், மலை, காடு என்று அரணை நான்காகப் பிரித்தார்கள் நம் முன்னோர். மூன்ஸ்டர்லாந்துப் பிரபுவுக்கு மலையரண் வாய்க்க வழியே இல்லை. காடு இருந்தது, ஆனால் அதில் எதிரியும் ஒளிந்துகொள்ளலாம். மிஞ்சியது நீரரண். அதற்கென்றே செய்ததுபோல அமைந்திருக்கிறது அந்த மண். அடியில் களிமண்ணும் சுண்ணாம்பு கலந்த களியும் இருப்பதால் பெய்த மழை சட்டென்று கீழே இறங்காது. அதிகம் ஆழம் போகாமலே நீர் ஊறிவிடும். பக்கத்தில் ஓடும் சிற்றாற்றிலிருந்து ஒரு வாய்க்காலையும் வெட்டிவிட்டால் ஆண்டு முழுக்க அகழி வற்றாது.

தோண்டிய மண்ணை நடுவில் குவித்தார்கள். தொடக்கக் காலக் கோட்டைகள் இப்படி எழுந்த செயற்கை மண்மேடுகள்தாம். மேலே ஒரு மரக் கோபுரம், சுற்றிலும் பள்ளம், பள்ளத்தில் தண்ணீர். பிறகு மரத்தின் இடத்தைக் கல்லும் செங்கல்லும் பிடித்தன. ஈர மண்ணில் கனமான சுவர் எழுப்பினால் அமிழ்ந்துவிடுமே என்று கேட்கலாம். ஓக் மரத் தூண்களை வரிசை வரிசையாக மண்ணுக்குள் அடித்து இறக்கி, அவற்றின் தலைமேல் அடித்தளம் போட்டார்கள். நீருக்குள்ளேயே கிடக்கும் மரத்துக்குக் காற்றுப் படாது. காற்றுப் படாத மரம் நூற்றாண்டுக் கணக்கில் அழுகாது. ஆபத்து தண்ணீர் குறைந்தால்தான். வறண்ட கோடையில் நீர்மட்டம் இறங்கித் தூண்களின் தலை வெளியே தெரியத் தொடங்கினால், கட்டடத்தைப் பராமரிப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும். ஒரு காலத்தில் எதிரியைத் தடுத்த நீர், இன்று கட்டடத்தையே தாங்கி நிற்கிறது.

நீரைத் தேக்கிய அதே களிமண்தான் சூளையில் வெந்து செங்கல்லானது. இந்தப் பகுதியில் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான கோட்டைகளில் சுவர் சிவப்பாகவும், சன்னல் ஓரங்களும் மூலைகளும் வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். அந்த மஞ்சள் கல் மேலே சொன்ன பவும்பெர்கெ மேட்டில் வெட்டியது. செதுக்குவதற்கு இளகிய கல் என்பதால் சிற்பிகளுக்குப் பிடித்தமானது. மேட்டின் அடிவாரத்து ஹாவிக்ஸ்பெக் ஊரில் இந்தக் கல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

அகழியால் பாதுகாப்பைத் தவிர வேறு பயன்களும் இருந்தன. மூன்ஸ்டர் கத்தோலிக்க பூமி. வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் வந்தால் இறைச்சி கிடையாது, மீன் உண்டு. வீட்டைச் சுற்றி மீன் குளம் இருந்தால் சமையலறைக்கு அதைவிட வசதி ஏது? தீப்பிடித்தால் தண்ணீர் பக்கத்திலேயே. கழிப்பறையைச் சுவரிலிருந்து வெளியே துருத்திக் கட்டி அகழிக்கு நேர் மேலே அமைப்பதும் அக்கால வழக்கம். மீனையும் இதையும் சேர்த்து யோசிக்காமலிருப்பது நல்லது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கோட்டைகள் எதிர்பார்த்த எதிரி பெரும்பாலும் பேரரசனின் படை அல்ல, அடுத்த ஊர்ப் பிரபு. 1803 வரை மூன்ஸ்டரின் ஆயர்தான் (பிஷப்) அந்த நாட்டுக்கு அரசரும்கூட. சமயத் தலைமையும் ஆட்சியும் ஒரே கையில். அவருக்குக் கீழே ஏராளமான சிறு பிரபுக் குடும்பங்கள். அவர்களுக்குள் நிலத்தகராறு, வாரிசுத்தகராறு, ஆயரோடேயே தகராறு. கொஞ்சம் ஆட்களைத் திரட்டிக்கொண்டு இரவில் வந்து கால்நடையை ஓட்டிப் போகிறவனைத் தடுக்க அகழியும் தூக்குப்பாலமும் போதும். கோட்டைகள் இத்தனை இருப்பதற்கும், அவை இவ்வளவு சிறியவையாக இருப்பதற்கும் காரணம் இதுதான். வசதியான குடியானவர்கள்கூடத் தங்கள் பண்ணை வீட்டைச் சுற்றி அகழி வெட்டிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட பண்ணைகள் இன்னும் வயல்களுக்கு நடுவே தென்படும்.

இரண்டு தீவுகள்

எந்த நீர்க்கோட்டைக்குப் போனாலும் முதலில் பாலத்தில் நின்று தீவுகளை எண்ணுங்கள். பெரும்பாலும் இரண்டு இருக்கும். முதல் தீவு முன்கோட்டை: குதிரை லாயம், தானியக் கிடங்கு, பட்டறை, வேலையாட்களின் குடியிருப்பு. அதைத் தாண்டி இன்னொரு பாலம், அதற்கப்பால் பிரபுவின் குடும்பம் வாழ்ந்த உள்கோட்டை. எதிரி முதல் தீவைப் பிடித்துவிட்டாலும் இரண்டாவதைப் பிடிக்க மறுபடி தண்ணீரைக் கடந்தாக வேண்டும். பயணிகள் முன்கோட்டையை வாகன நிறுத்தத்துக்கும் வாசலுக்கும் நடுவில் உள்ள ஏதோ ஒன்றாக நினைத்து விறுவிறுவென்று கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அங்கேதான் அதிக நேரம் நிற்க வேண்டும். அந்த வீட்டின் வருமானம் எங்கிருந்து வந்தது என்பதை அந்தக் கிடங்கின் அளவு சொல்லிவிடும்.

இதைக் கற்றுக்கொள்ள மிகச் சிறந்த இடம் லூடிங்ஹவுசன் ஊரில் இருக்கும் ஃபிஷரிங் கோட்டை. முதல் பயணத்தில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் தயங்காமல் இதையே சொல்வேன். 1271இல் மூன்ஸ்டர் ஆயர் கெர்ஹார்ட் ஃபான் டெர் மார்க், லூடிங்ஹவுசன் பிரபுக்களை அடக்கி வைப்பதற்காக அவர்கள் கோட்டைக்குப் பக்கத்திலேயே இதை எழுப்பினார். கண்காணிக்க ஒரு கோட்டை, அதில் தனக்கு வேண்டிய அதிகாரி. 'ட்ரோஸ்டே' என்பது அந்த அதிகாரியின் பதவிப் பெயர். பதவி பரம்பரையாகி, பெயரும் குடும்பப் பெயராகிவிட்டது. ட்ரோஸ்டே சூ ஃபிஷரிங் குடும்பம் அப்படி வந்ததுதான்.

ஸ்டீவர் ஆற்று நீர் நிரம்பிய அகழிக்கு நடுவில் வட்டமாக வளைந்து நிற்கிறது உள்கோட்டை. வெளிப்புறம் தடித்த சுவர், அதில் அதிகம் சன்னல்களே இல்லை. இது 13ஆம் நூற்றாண்டின் மனநிலை. 1521இல் தீ விபத்து. அதற்குப் பிறகு மறுபடி கட்டியபோது காலம் மாறியிருந்தது. பீரங்கி வந்துவிட்டதால் சுவர் எவ்வளவு தடித்தாலும் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனவே வெளிச்சம் வரட்டும் என்று பெரிய சன்னல்களைத் திறந்தார்கள். முகப்பில் சிற்ப வேலைப்பாடுள்ள மாடத்தைத் துருத்திக் கட்டினார்கள். பாலத்தருகே நின்று சுவரை மெதுவாக ஒரு சுற்றுப் பாருங்கள். ஒரே கட்டடத்தில் அஞ்சிய தலைமுறையும் அச்சம் தெளிந்த தலைமுறையும் அடுத்தடுத்து நிற்பதைக் கண்டுபிடித்துவிடலாம்.

உள்ளே கோஸ்ஃபெல்ட் மாவட்டம் நடத்தும் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஓர் இரும்புக் கழுத்து வளையம் வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் காகெஸ்பெக் கோட்டையைச் சேர்ந்த லம்பெர்ட் ஃபான் ஓயருக்கும், கோடெர்ட் ஃபான் ஹார்மெனுக்கும் சொத்துத் தகராறு. 1520இல் கோடெர்ட் வழிமறித்து, உட்புறம் முட்கள் வைத்த அந்த வளையத்தை லம்பெர்ட்டின் கழுத்தில் பூட்டிவிட்டான் என்பது வரலாறு. லம்பெர்ட் அப்படியே மூன்ஸ்டருக்குப் போக, ஒரு கொல்லர் பட்டறைக்கல்லில் வைத்து அடித்து உடைத்துக் காப்பாற்றினாராம். அடுத்த ஊர்ப் பிரபுதான் எதிரி என்று மேலே சொன்னதற்கு இதைவிடக் கனமான சாட்சி வேண்டியதில்லை. காகெஸ்பெக் இன்றும் இருக்கிறது. ஊருக்குள் பழைய லூடிங்ஹவுசன் கோட்டையும் இருக்கிறது. ஆக, ஒரு சிறு ஊரில் மூன்று கோட்டைகள்.

அச்சம் போய் அந்தஸ்து வந்தது

ஃபிஷரிங்கிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தால் நோர்ட்கிர்ஷன் அரண்மனை. மூன்ஸ்டர்லாந்து அடங்கிய வெஸ்ட்ஃபாலியா வட்டாரத்தின் பெயரையும் பிரெஞ்சு மன்னர்களின் அரண்மனைப் பெயரையும் சேர்த்து 'வெஸ்ட்ஃபாலியாவின் வெர்சாய்' என்று விளம்பரங்கள் சொல்லும். பிரபு குடும்பமொன்றின் பழைய நீர்க்கோட்டை அங்கே இருந்தது. 1690களில் அதை வாங்கிய ஆயர்-அரசர் ஃபிரீட்ரிஷ் கிறிஸ்டியான் ஃபான் பிளெட்டன்பெர்க், 1703இல் அந்த இடத்தில் புதிய அரண்மனையைத் தொடங்கினார். பிக்டோரியுஸ் சகோதரர்கள் வரைந்து கட்ட, யோஹான் கொன்ராட் ஷ்லவுன் முடித்துவைத்தார். வேலை 1734 வரை நீண்டது. தொடங்கிய ஆயர் 1706இலேயே இறந்துவிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது அகழி. 1703இல் எந்தப் போர்முறைக்கும் அகழி பயன்படாது. ஆனாலும் அளவெடுத்து நேர்க்கோட்டில் வெட்டிய அகன்ற அகழி, அதன் நடுவே செவ்வகத் தீவு. காரணம் பெருமை. இந்த நாட்டில் பெரிய வீடு என்றால் தண்ணீருக்குள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீரில் அரண்மனை தலைகீழாகத் தெரிவது கூடுதல் லாபம்.

இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் தெரியுமா? வரி அதிகாரிகள். 1950களின் இறுதியில் மாநில அரசு அரண்மனையை வாங்கியது. வரித் துறைக்கு வரப்போகிறவர்கள் பயிலும் உயர்கல்வி நிறுவனம் அதில் இயங்குகிறது. மக்களின் வரியில் செழித்த ஒருவரின் மாளிகையில் வரி வசூலைப் பாடமாகப் படிக்கிறார்கள். இதை நினைத்துச் சிரித்துக்கொண்டே பூங்காவைச் சுற்றலாம், பூங்காவுக்குக் கட்டணமில்லை. உட்புறக் கூடங்களை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும். என் கருத்து: நேரம் குறைவென்றால் உள்ளே போகாவிட்டாலும் இழப்பில்லை. இந்த அரண்மனை வெளியிலிருந்து, தூரத்திலிருந்து பார்ப்பதற்காகக் கட்டியது. வடபுறத் தோட்டத்தின் கோடிவரை நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள், கட்டியவரின் எண்ணம் விளங்கும்.

நோர்ட்கிர்ஷனை முடித்த அதே ஷ்லவுன், மூன்ஸ்டருக்குச் சற்று வெளியே தனக்கென்று 1745க்கும் 1749க்கும் இடையில் ஒரு கோடைவீடு கட்டிக்கொண்டார். பெயர் ரூஷ்ஹவுஸ். அதன் முகப்பு வட்டாரத்துக் குடியானவர் வீடு போலவே இருக்கும்: வண்டி நுழையும் பெரிய கதவு, உள்ளே களம். பின்புறத் தோட்டத்துக்குச் சுற்றிப் போனால் அதே வீடு குட்டி அரண்மனையாகிவிடும்: படிக்கட்டு, ஒழுங்காக அடுக்கிய சன்னல்கள், எதிரே வடிவியல் தோட்டம். பிரபுக்களுக்கு வேலை செய்து பணம் சேர்த்த ஒரு கட்டடக் கலைஞர் தன் வேருக்கும் ஆசைக்கும் ஒரே கூரை போட்டிருக்கிறார். மூன்ஸ்டர்லாந்தின் கட்டடங்களிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான்; நோர்ட்கிர்ஷனின் ஒரு பக்கத் தோட்டத்துக்குள் இதைப் போட்டு மூடிவிடலாம்.

ரூஷ்ஹவுஸுக்குப் பின்னாளில் குடிவந்தவர் கவிஞர் அன்னெட்டே ஃபான் ட்ரோஸ்டே-ஹுல்ஸ்ஹோஃப். யூரோ வருவதற்கு முன் புழக்கத்திலிருந்த 20 மார்க் தாளில் முகம் பதிந்தவர். 1797இல் பக்கத்து ஹுல்ஸ்ஹோஃப் கோட்டையில் பிறந்தார். 1826இல் தந்தை இறந்ததும் கோட்டை அண்ணன் தம்பிகளில் வாரிசானவருக்குப் போக, தாயும் மகள்களும் இந்தச் சிறிய வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தன் சிற்றறையை 'நத்தைக் கூடு' என்று அவர் அழைத்தார். அந்தக் காலப் பிரபு வீட்டுப் பெண்ணின் நிலை என்ன என்பதை, பிறந்த கோட்டையையும் ஒதுங்கிய வீட்டையும் ஒரே நாளில் பார்த்தால் யாரும் விளக்காமலே புரியும். இரண்டையும் இணைத்துச் சுமார் 7 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. வழிநெடுக அவருடைய எழுத்தைச் சார்ந்த நிறுத்தங்கள். ஹுல்ஸ்ஹோஃப் 1540களில் எழுந்த அழகான இரட்டைத் தீவுக் கோட்டை. அங்கே இப்போது அவர் பெயரிலான அறக்கட்டளை இலக்கிய நிகழ்ச்சிகள் நடத்துகிறது.

பெயர்ப்பலகையைப் படிப்பது

பயணத்தில் மூன்று சொற்கள் அடிக்கடி வரும். 'புர்க்' என்றால் பாதுகாப்புக்காகக் கட்டிய கோட்டை. 'ஷ்லோஸ்' என்றால் வாழ்வதற்கும் காட்டுவதற்கும் கட்டிய அரண்மனை. 'ஹவுஸ்' என்றால் பெரும்பாலும் சிறு பிரபுவின் நிலப்பண்ணை மாளிகை. ஆனால் பெயரை நம்பி ஏமாறக் கூடாது. ஹவுஸ் என்ற பெயரோடு அரண்மனை அளவுக்கு நிற்பவையும் உண்டு.

பெயரைவிட முக்கியமான கேள்வி: இப்போது யாருடையது? நீங்கள் எந்த அளவுக்கு உள்ளே போகலாம் என்பது அதைப் பொறுத்தது. 1919இல் ஜெர்மனி பிரபுக்களின் சட்டபூர்வச் சலுகைகளை நீக்கியது. ஆனால் பட்டங்களைக் குடும்பப் பெயரின் பகுதியாக வைத்துக்கொள்ள அனுமதித்தது. சொத்தும் பலரிடம் தங்கியது. ஆகவே இந்த வீடுகள் பலவற்றில் பழைய குடும்பங்களே இன்றும் குடியிருக்கின்றன. டார்ஃபெல்ட் அரண்மனை அப்படி ஒன்று, புர்க்ஸ்டைன்ஃபுர்ட் இன்னொன்று. அங்கெல்லாம் நீங்கள் அகழிக்கு இக்கரையில் நின்று பார்ப்பதோடு சரி. பாலத்தின் முன் 'பிரிவாட்' என்ற பலகை இருந்தால் அது தனியார் வீடு. கதவு திறந்திருந்தாலும் பாலத்தைத் தாண்டக் கூடாது. பெரிய இழப்பென்று நினைக்க வேண்டாம், நீர்க்கோட்டையின் முழு உருவம் இக்கரையிலிருந்துதான் தெரியும்.

மற்றவை புதுவேலை தேடிக்கொண்டன. மூன்ஸ்டர் நகர அரண்மனை பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம். ராஸ்ஃபெல்ட் அரண்மனை கைவினைத் தொழிலாளர்களின் பயிற்சிக் கூடம். முப்பதாண்டுப் போரில் (1618–1648) செல்வம் சேர்த்த தளபதி அலெக்சாண்டர் ஃபான் ஃபேலன் அமைத்த அதன் உயர்ந்த கோபுரம், தட்டை நிலத்தில் வெகுதூரம் தெரியும். வெஸ்டர்விங்கெல் அரண்மனையைச் சுற்றிக் கோல்ஃப் மைதானம். லெம்பெக்கில் ரோடோடென்ட்ரான் என்ற பூஞ்செடித் தோட்டம் பிரபலம். அதற்காகவே போவதென்றால் மே மாத இறுதி.

டச்சு எல்லையோரம் இருக்கும் அன்ஹோல்ட் தனி ரகம். சால்ம்-சால்ம் இளவரசக் குடும்பத்தின் நீர்க்கோட்டை. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் பெருமளவு இடிந்து, பிறகு மீட்டுக் கட்டியது. குடும்பத்தின் ஓவியச் சேகரிப்பில் ரெம்பிராண்ட்டின் 1634ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றும் இருக்கிறது. ஆனால் என்னைக் கவர்ந்தது வேறொன்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்த இளவரசர் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் ஏரிப் பகுதியில் மனதைப் பறிகொடுத்து, தன் தட்டை நிலத்திலேயே பாறைகளை அடுக்கி, ஏரி வெட்டி, நடுத்தீவில் சுவிஸ் வீடும் கட்டிக்கொண்டார். 'அன்ஹோல்ட் சுவிட்சர்லாந்து' என்ற பெயரில் அது இன்று வனவிலங்குப் பூங்கா. மலையில்லா ஊர்க்காரரின் ஏக்கம் எங்கே கொண்டுபோய் விடும் பாருங்கள்.

போகிறவர்களுக்கு

சைக்கிள்தான் சரியான வண்டி. ஏற்றமே இல்லை என்பதால் பழக்கமில்லாதவரும் ஒரு நாளில் 30, 40 கிலோமீட்டர் போகலாம். தொல்லை தரக்கூடியது எதிர்க்காற்று மட்டுமே. அதற்கு மின்-சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். வட்டார ரயில்களில் சைக்கிளை ஏற்றலாம், அதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். நூறு அரண்மனைத் தடம் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு சுற்றுகளாகப் பிரிந்திருக்கிறது. புதியவர்களுக்குத் தெற்குச் சுற்று ஏற்றது. லூடிங்ஹவுசனும் நோர்ட்கிர்ஷனும் அதில்தான் வருகின்றன.

நூறையும் பார்த்துவிடும் ஆசையை விட்டுவிடுங்கள். நான்காவது அகழிக்கு மேல் எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். ஒரு நாள் என்றால் டோர்ட்முண்டிலிருந்து ரயிலில் லூடிங்ஹவுசன் வந்து ஃபிஷரிங்கைப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் நோர்ட்கிர்ஷன் பூங்கா. இரண்டாவது நாள் கிடைத்தால் மூன்ஸ்டரில் தங்கி, நகரப் பேருந்தில் ரூஷ்ஹவுஸ் போய், நடைபாதை வழியே ஹுல்ஸ்ஹோஃப். மூன்றாவது நாள் இருந்தால் அன்ஹோல்ட் அல்லது ராஸ்ஃபெல்ட். இரண்டும் மேற்கே தள்ளி இருப்பதால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தனியார் வீடுகளுக்குள் எட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் தேதி பார்த்துப் போக வேண்டும். செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு ஜெர்மனி முழுவதும் நினைவுச்சின்னங்களின் திறந்த நாள். மற்ற நாட்களில் பூட்டியிருக்கும் சில கட்டடங்கள் அன்று திறக்கும். ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் மூன்ஸ்டர்லாந்துக்கென்றே கோட்டை, அரண்மனை நாள் நடக்கிறது. வழிகாட்டிச் சுற்றுகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கிராமத்துச் சிற்றுண்டிக் கடைகளில் அட்டை செல்லாமல் போகலாம், கையில் கொஞ்சம் யூரோ தாள் இருக்கட்டும். குளிர்காலத்தில் பல இடங்களில் நேரம் குறைவு, சில மூடியே இருக்கும். மே முதல் அக்டோபர் தொடக்கம் வரை நல்ல பருவம். அப்போதும் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அன்று விடுமுறை.